டொம்மென்று இறக்கினால் கை பழகாத பைலட் என்று அர்த்தமா?

கேள்வி கேட்டவர் டோம்பிவிலிக்காரர். ஜூலை மழையில் சென்னையிலிருந்து மும்பைக்கு வந்திருக்கிறார். இறங்கப் போன விமானம் தரைக்குக் கிட்டே வந்த பிறகு இன்ஜின் உறும மேலே ஏறிவிட்டது. கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு இரண்டாவது தடவை வந்து டொம்மென்று போட்டிருக்கிறார்கள். பக்கத்து சீட்காரர், "புதுப் பையன் போல, கை பழகல" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். இவருடைய சந்தேகம்: இன்னும் கொஞ்சம் மெதுவாக வந்தால் மெத்தென்று இறங்கலாமே, எதற்கு அத்தனை வேகம்? அந்த வேகத்தை யார், எப்படி முடிவு செய்கிறார்கள்?

நான் ஏர்பஸ் ஏ320 விமானம் ஓட்டுகிறவன், வீடு செம்பூரில். இதே கேள்வியை என் மாமனாரும் பக்கத்து ஃபிளாட் மாமாவும் மாதுங்காவில் காபி குடிக்கும்போது எதிரே உட்காருகிறவரும் கேட்டாகிவிட்டது, அதனால் ஒரே தடவையாக விரிவாக எழுதிவிடுகிறேன். முதலில் சுருக்கமாக: அன்றைக்கு மேலே ஏறியதும் சரி, டொம்மென்று போட்டதும் சரி, பெரும்பாலும் அவர்கள் வேலையைச் சரியாகச் செய்தார்கள் என்பதற்கான அறிகுறிதான். ஏன் என்று சொல்ல வேகத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

விமானத்தைத் தாங்குவது இறக்கையைச் சுற்றி ஓடும் காற்று. வேகம் குறையக் குறைய, அதே எடையைத் தாங்க மூக்கை இன்னும் இன்னும் தூக்க வேண்டியிருக்கும். ஒரு கோணத்தைத் தாண்டினால் காற்று இறக்கையின் மேல்பக்கத்தை ஒட்டி ஓடாமல் பிய்த்துக்கொண்டு போய்விடும், தூக்குவிசை சரிந்துவிடும். இதற்குப் பெயர் ஸ்டால். இன்ஜின் நின்றுபோவதைத்தான் ஸ்டால் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், காரோட்டிப் பழகிய பழக்கம். இது இறக்கையின் சமாச்சாரம், இன்ஜின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதும் நடக்கும்.

இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் ஃபிளாப் பலகைகளை எல்லாம் இறக்கி, சக்கரத்தை வெளியே விட்ட நிலையில் எந்த வேகத்தில் ஸ்டால் ஆகுமோ, அதைப்போல 1.3 மடங்கு வேகத்துக்குக் கீழே போகாமல் வர வேண்டும் என்பது பழைய கணக்கு. ஸ்டால் வேகத்தை அளக்கும் முறை பிற்பாடு மாறியதால் இப்போது 1.23 மடங்கு என்கிறார்கள், விடை ஏறக்குறைய ஒன்றுதான். போயிங்காரர்கள் இதை விரெஃப் என்பார்கள், ஏர்பஸ்ஸில் விஎல்எஸ். இது எடையைப் பொறுத்தது. ஏ320 சுமார் 60 டன் எடையில் இருந்தால் இந்த வேகம் 130 நாட்டை ஒட்டி இருக்கும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர், ஆக மணிக்கு 240 கிலோமீட்டர். எடை 10 சதவீதம் கூடினால் வேகம் 5 சதவீதம் கூடும். அதனால் தீபாவளிக்குப் பெட்டியும் பட்சணமுமாக நிரம்பி வரும் விமானமும், செவ்வாய்க்கிழமை மத்தியானம் பாதி காலியாக வரும் விமானமும் ஒரே வேகத்தில் இறங்குவதில்லை. கம்ப்யூட்டரே எடையைப் பார்த்து வேகத்தைக் கொடுத்துவிடும். நாங்கள் அந்த எண் மனதுக்குச் சரியாகப் படுகிறதா என்று பார்ப்போம். எடையைத் தப்பாகத் தட்டியிருந்தால் கம்ப்யூட்டர் தப்பான விடையையும் அதே தெம்போடுதான் காட்டும்.

இதற்கு மேல் காற்றுக்காக ஒரு கூட்டல் உண்டு. ஏ320-இல் எதிர்க்காற்றில் மூன்றில் ஒரு பங்கு, குறைந்தது 5 நாட், அதிகபட்சம் 15. போயிங் 737-ஐக் கையால் ஓட்டி இறக்கும்போது, நிலையான எதிர்க்காற்றில் பாதியும் அதற்கு மேல் வீசும் வீச்சு முழுவதும் சேர்த்து, அங்கேயும் 15-க்கு மேல் போகாமல். எதற்கு இந்தக் கூட்டல் என்றால், தரைக்கு நெருங்க நெருங்கக் காற்று குறையும், சில சமயம் படக்கென்று விழும். 20 நாட் எதிர்க்காற்றில் வந்துகொண்டிருக்கும்போது அது சட்டென்று 10 ஆகிவிட்டால், இறக்கையின் கணக்கில் உங்கள் வேகம் 10 நாட் காணாமல் போய்விட்டது. அந்தப் பள்ளத்துக்குத்தான் முன்கூட்டியே இந்தச் சேமிப்பு.

சரி, மெதுவாக வந்தால் என்ன?

பயிற்சியில் செஸ்னா 172 ஓட்டும்போது வேகம் குறைந்துவிட்டால் த்ராட்டிலைக் கொஞ்சம் தள்ளினால் போதும், உடனே சரியாகிவிடும். ப்ரொப்பெல்லர் தள்ளும் காற்று இறக்கை மேலேயே ஓடுகிறது, இன்ஜினும் சட்டென்று பதில் சொல்லும். ஜெட்டில் இந்த இரண்டும் கிடையாது. இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ரஸ்ட் லீவரை, இன்ஜின் சும்மா ஓடும் ஐடில் நிலையிலிருந்து முழுக்கத் தள்ளினால், உள்ளே சுழலும் பெரிய நிறை வேகம் பிடிக்க வேண்டும். முதல் சில நொடிகள் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும், பிறகு மொத்தமாக வரும். இறங்கும் நிலையில் இருக்கும் விமானம் லீவரைத் தள்ளிய 8 நொடிக்குள் கிடைக்கும் விசையை வைத்து மேலே ஏறிக் காட்ட வேண்டும் என்பதுதான் சான்றளிப்பு விதியே. 8 நொடி என்பது காபி ஆற்றும் நேரம்தான். ஆனால் நிமிடத்துக்கு 700 அடி இறங்கிக்கொண்டிருக்கும்போது அது 90 அடிக்கும் மேல்.

இன்னொரு சிக்கல் கொஞ்சம் விசித்திரமானது. ஒரு வேகத்துக்குக் கீழே போனால், இன்னும் மெதுவாகப் பறக்க இன்னும் அதிக த்ரஸ்ட் வேண்டும். மூக்கைத் தூக்கத் தூக்கக் காற்றின் இழுவை கூடிக்கொண்டே போவதுதான் காரணம். ஃபிளாப்பும் சக்கரமும் வெளியே இருக்கும்போது நாங்கள் இந்தப் பகுதியின் ஓரத்தில்தான் வருகிறோம். 5 நாட் குறைந்ததைக் கவனிக்காமல் விட்டால் அது தானாகவே 10 ஆகும், 10 என்பது 20 ஆகும்.

2013 ஜூலை 6, சான்ஃபிரான்சிஸ்கோ, ஏசியானா 214. தெளிவான பகல், போயிங் 777, குறி வைத்த வேகம் 137 நாட். த்ரஸ்டைத் தானியங்கி பார்த்துக்கொள்கிறது என்று நம்பியிருந்தார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்திருந்த நிலையில் அது வேகத்தைக் காக்காது, லீவர் ஐடிலில் அப்படியே கிடந்தது. வேகம் 103 நாட் வரை இறங்கியது, வால் கடலோரச் சுவரில் அடித்தது. 307 பேரில் 3 பேர் இறந்தார்கள். இன்ஜின்கள் கடைசி நொடிகளில் உயிர்பெற்றுக்கொண்டுதான் இருந்தன, நேரம் போதவில்லை. "மெதுவாக வந்தால் மெத்தென்று இறங்கலாமே" என்று யாராவது சொல்லும்போது என் மனதில் வருவது இதுதான்.

வேகம் கூடுதலாக இருந்தால்? இங்கேதான் பயணிகளுக்கும் பைலட்டுக்கும் கருத்து மாறும், ஏனென்றால் கூடுதல் வேகம் சுகமாக இருக்கும். விமானம் தரைக்கு மேல் மிதந்துகொண்டே போகும், மெல்ல மெல்ல இறக்கிப் பூப்போல வைக்கலாம். ஆனால் 135 நாட் என்பது நொடிக்கு 70 மீட்டர். ஐந்து நொடி கூடுதலாக மிதந்தால் 350 மீட்டர் ரன்வே பின்னால் போய்விட்டது. பின்னால் போன ரன்வேயால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அதோடு, நிறுத்த வேண்டிய சக்தி வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்: 10 சதவீதம் வேகம் கூடினால் பிரேக் தின்ன வேண்டிய சக்தி 21 சதவீதம் கூடும். உயரமும் அப்படியே. ரன்வே தொடக்கத்தை 50 அடியில் தாண்ட வேண்டும். 100 அடியில் தாண்டினால், 3 டிகிரிச் சரிவில் வரும்போது சக்கரம் தொடும் இடம் கிட்டத்தட்ட 300 மீட்டர் தள்ளிப் போகும்.

நம் ஊர்க் கணக்கே இருக்கிறது. 2010 மே 22, மங்களூரு. அதிக உயரத்தில் வந்து, நிலைப்படாத அப்ரோச்சை (ரன்வேயை நோக்கி இறங்கி வருவதை) கைவிடாமல் தொடர்ந்ததில், 737 சுமார் 5,200 அடி தாண்டித்தான் தரையைத் தொட்டது. ரன்வே மொத்தமே 8,000 அடி சொச்சம். ஃபர்ஸ்ட் ஆஃபீசர், அதாவது துணை பைலட், மூன்று தடவை கோ-அரவுண்ட் (இறங்காமல் மறுபடி மேலே ஏறுவது) போகச் சொன்னது குரல் பதிவில் இருக்கிறது. 166 பேரில் 158 பேர் இறந்தார்கள். 2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு. கொட்டும் மழை, பின்காற்று, 8,858 அடி ரன்வேயில் 4,438 அடியில் சக்கரம் பட்டது, அதாவது பாதி ரன்வே போன பிறகு. 21 பேர் இறந்தார்கள். இரண்டையும் படித்துப் பாருங்கள், யாரும் டொம்மென்று போட்டு விபத்தில் மாட்டவில்லை.

இப்போது உங்கள் மும்பை. மழைக்காலத்தில் பெரும்பாலும் ரன்வே 27, அதாவது கிழக்கிலிருந்து மேற்கே. வாஷி மேல் வரும்போது சுமார் 2,000 அடியில் இருப்போம். தாணே கழிமுகத்தைத் தாண்டி, சதுப்புக் காடு முடிகிற இடத்தில் 1,000 அடி. காட்கோபர் ஸ்டேஷனை நெருங்கும்போது 500 அடியை ஒட்டி. இந்த 1,000 என்பது எங்களுக்கு ஒரு வாசல். மேகத்துக்குள் வந்தால் அங்கேயும், கண்ணுக்குத் தெரியும் வானிலையில் 500 அடியிலும் எல்லாம் சரியாக அமைந்திருக்க வேண்டும்: ஃபிளாப், சக்கரம், செக்லிஸ்ட் முடிந்திருக்க வேண்டும், வேகம் குறியை விட 10 நாட்டுக்கு மேல் கூடியோ 5 நாட்டுக்கு மேல் குறைந்தோ இருக்கக் கூடாது, இறங்கும் வீதம் நிமிடத்துக்கு 1,000 அடியைத் தாண்டக் கூடாது, இன்ஜின் ஐடிலில் கிடக்காமல் கொஞ்சமாவது இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். கடைசியில் சொன்னதைத்தான் பயணிகள் கவனிப்பதில்லை. ஐடிலில் சறுக்கிக்கொண்டு வந்தால் மேலே சொன்ன 8 நொடிப் பிரச்சினை காத்துக்கொண்டிருக்கிறது. இதில் ஏதாவது ஒன்று இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவர் "அன்ஸ்டேபிள்" என்பார், கோ-அரவுண்ட், பேச்சே கிடையாது. அங்கே விவாதம் பண்ண ஆரம்பித்தால் மங்களூருதான்.

இதை மும்பையில் செய்வது கொஞ்சம் கழைக்கூத்து. இரண்டு ரன்வேயும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் உருப்படியாகப் பயன்படுத்த முடியும். நிமிடம் சொச்சத்துக்கு ஒரு விமானம் ஏறவோ இறங்கவோ வேண்டும். அதனால் தரையிலிருந்து விமானங்களுக்கு வழி சொல்லும் ஏடிசி, "ரன்வேக்கு 5 மைல் இருக்கும் வரைக்கும் 160 நாட்டில் வாருங்கள்" என்பார். 5 மைலில் நீங்கள் 1,600 அடி சொச்சத்தில் இருக்கிறீர்கள், 1,000 அடிக்குள் 135-க்கு வந்தாக வேண்டும், கையில் இருப்பது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. சக்கரத்தை முன்னாலேயே வெளியே விட்டு, ஃபிளாப்பைத் தயாராக வைத்திருந்து, 5 மைல் வந்ததும் விறுவிறுவென்று வேகத்தை இறக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துப் பின்காற்று கொஞ்சம் தள்ளினால் வேகம் குறையவே குறையாது. வாஷி பாலத்தில் டோல் கேட்டை நோக்கி வேகமாகப் போய்க் கடைசி நேரத்தில் பிரேக் போடுவது போல நினைத்துக்கொள்ளுங்கள், பிரேக் மட்டும் கிடையாது.

சொந்தக் கதை ஒன்று. நான் ஃபர்ஸ்ட் ஆஃபீசராக இருந்த காலம், டிசம்பர் ராத்திரி, காய்ந்த ரன்வே, காற்றே இல்லை. அம்மா அந்த விமானத்தில் 12-ஆவது வரிசையில். லேண்டிங் என்னுடையது. அன்றைக்கு வெண்ணெய் போல இறக்க வேண்டும் என்று மனதுக்குள் ஒரு கிறுக்கு. 500 அடியில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது, அதற்குப் பிறகு வேகத்தை 8 நாட் ஏறவிட்டேன், ரன்வே தொடக்கத்தை அப்படியே தாண்டினேன், பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டே இருந்தேன், பிடித்துக்கொண்டே இருந்தேன். விமானம் இறங்குவேனா என்றது. கடைசியில் பட்டதே தெரியாமல் பட்டது. ரன்வே மூன்றரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு என்பதால் ஆபத்து ஒன்றுமில்லை, ஆனால் வெளியேற வேண்டிய திருப்பத்தைத் தாண்டிவிட்டோம், அடுத்த திருப்பம் வரை உருட்டிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. ஏடிசி குரலில் பதற்றம் இல்லை, ஒரு சலிப்பு. எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தவரை கோ-அரவுண்ட் போகச் சொன்னார்.

கேப்டன் கோயம்புத்தூர்க்காரர். நின்ற பிறகு பார்க்கிங் பிரேக் போட்டுவிட்டுச் சொன்னார், "தம்பி, லேண்டிங் அம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கும். பின்னாடி வந்தவனுக்கு எப்படி இருந்ததுன்னு கேட்டுட்டு வா." அம்மாவைக் கேட்டேன். தூங்கிப் போயிருந்தாளாம்.

ஆக, உங்கள் விமானம் கிட்டே வந்து மேலே ஏறியதற்கு அதன் பைலட்டே காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. முன்னால் யாராவது என்னைப் போல ஒருவன் மெத்தென்று இறக்கி, ரன்வேயைக் காலி பண்ணாமல் உருட்டிக்கொண்டிருந்திருக்கலாம். மழை வலுத்து ரன்வே விளக்கு தெரியாமல் போயிருக்கலாம். எப்படியிருந்தாலும், லீவரை முழுக்கத் தள்ளி, ஃபிளாப்பை ஒரு படி ஏற்றி, சக்கரத்தை மடக்கி, ஏடிசியோடு பேசி, அடுத்த அப்ரோச்சுக்குத் தயார் பண்ணி முடிக்கும் வரை பயணிகளிடம் பேச வாய் ஒழியாது. அந்த ஐந்து நிமிட மௌனத்தில்தான் கேபினில் வதந்தி பிறக்கிறது.

கடைசி 50 அடிக்கு வருவோம். தரையிலிருந்து உயரத்தை அளக்கும் ரேடியோ ஆல்டிமீட்டரின் குரல் ஃபிஃப்டி, ஃபார்ட்டி, தர்ட்டி என்று எண்ணும். நிமிடத்துக்கு 700 அடி வீதத்தில் வந்தால் 50 அடியிலிருந்து தரை வரை நாலு நொடிச் சொச்சம்தான். 30 அடியை ஒட்டி மூக்கை இரண்டு மூன்று டிகிரி தூக்கி இறங்கும் வீதத்தை உடைக்க வேண்டும், அதுதான் ஃபிளேர். அந்த நேரத்தில் பார்வை பக்கத்துத் தார் மேல் இருக்கக் கூடாது, ரன்வேயின் அந்தக் கோடிக்குப் போய்விட வேண்டும். சைக்கிள் பழகும்போது முன் சக்கரத்தையே பார்த்தவன் விழுந்த கதைதான். 20 அடியில் ஏர்பஸ் "ரிட்டார்ட்" என்று சொல்லும், லீவரை ஐடிலுக்கு இழுக்க வேண்டும் என்று ஞாபகப்படுத்துகிறது. புதிதாக வந்த பையன்கள் அதை வசவு என்று நினைத்துச் சிரிப்பார்கள். இன்னொரு வேடிக்கை: ஏ320-இன் கட்டுப்பாட்டுக் கணினி 30 அடிக்குக் கீழே தானாகவே மூக்கை மெல்லக் கீழே இறக்க ஆரம்பிக்கும். பைலட் சாதாரண விமானத்தில் செய்வது போலவே பின்னால் இழுக்க வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு. தெரியாமல் கையைச் சும்மா வைத்திருந்தால் டொம்தான்.

லீவரை 50 அடியிலேயே இழுத்துவிட்டால் விமானம் கல் மாதிரி உட்காரும். ஃபிளேர் முந்திப்போனால் மிதக்கும், பிந்திப்போனால் அடிக்கும். தரையில் பட்டு எழும்பினால் மூக்கைக் கீழே தள்ளவே கூடாது. 2009 மார்ச் 23 அன்று நரிதாவில் ஒரு எம்டி-11 சரக்கு விமானம் குதித்துக் குதித்துக் கவிழ்ந்து எரிந்தது, பைலட் இருவரும் பிழைக்கவில்லை. சின்னக் குதி என்றால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார விட வேண்டும், பெரிய குதி என்றால் மறுபடி மேலே போய்விட வேண்டும்.

மழை விஷயம்தான் உங்கள் கேள்விக்கு நேரான பதில். தண்ணீர் தேங்கிய ரன்வேயில் டயர் தண்ணீர் மேலேயே சறுக்கும். எந்த வேகம் வரை சறுக்கும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது: டயர் அழுத்தத்தின் வர்க்கமூலத்தை 9-ஆல் பெருக்கினால் நாட் கணக்கில் விடை வரும். அழுத்தம் 200 பிஎஸ்ஐ என்றால் 127 நாட். நாங்கள் தொடுவதோ 130 சொச்சத்தில். மெத்தென்று வைத்தால் டயர் தண்ணீரைக் கிழித்துத் தாரைத் தொடாது, சுழல ஆரம்பிக்காது. சுழலாத டயரை வைத்துக்கொண்டு பிரேக் என்ன பண்ணும்? அதோடு, தான் தரையில் இருக்கிறோம் என்று விமானத்துக்கே தெரிய வேண்டும். சக்கரக் கால் அமுங்கினாலோ சக்கரம் சுழன்றாலோதான் இறக்கை மேல் உள்ள ஸ்பாய்லர்கள் பலகை போல எழும்பி, தூக்குவிசையைக் கொன்று, மொத்த எடையையும் டயர் மேல் போடும்.

1993 செப்டம்பர் 14, வார்சா, லுஃப்தான்சா ஏ320. காற்று திடீரென்று மாறக்கூடும் என்று எச்சரிக்கை வந்ததால் வேகத்தைக் கூட்டி வந்தார்கள். தரையில் வீசியதோ பின்காற்று. ஈர ரன்வேயில் வலது கால் மட்டும் மெல்லப் பட்டது, 770 மீட்டரில். இடது கால் பட 9 நொடி ஆயிற்று, அது வரை ஸ்பாய்லரும், இன்ஜின் விசையை முன்பக்கம் திருப்பிவிடும் ரிவர்சரும் வேலை செய்யவில்லை. முனையைத் தாண்டிப் போய் மண்மேட்டில் மோதி இரண்டு பேர் இறந்தார்கள். நல்ல எண்ணத்தில் கூட்டிய வேகம், மெல்லிய தொடுகை, ஈரம், மூன்றும் சேர்ந்தது. மும்பையிலேயே 2019 ஜூலை 1 இரவு, மழையில் ஒரு 737 இதே 27-இன் முனையைத் தாண்டிப் போய்ச் சேற்றில் சிக்கியது, பெரிய ரன்வே சில நாள் மூடிக் கிடந்தது.

அதனால் மழையில் குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட வேகத்தில் அழுத்தி வைப்பதுதான் முறை. ரிவர்சர் முழுக்க, பிரேக் நடுத்தர அளவுக்கு. முதுகில் ஒரு தட்டு விழும், அவ்வளவுதான். சக்கரக் கால் நொடிக்கு 10 அடி, அதாவது நிமிடத்துக்கு 600 அடி வீதத்தில் மோதினாலும் தாங்கும்படி செய்தது. சாதாரண லேண்டிங்கில் 120 முதல் 180 வரை இருக்கும். பயணிகள் "முதுகெலும்பு போச்சு" என்று சொல்லும் பல லேண்டிங்குகள் 300-ஐக் கூடத் தொட்டிருக்காது. உண்மையிலேயே அளவு மீறி அடித்தால் விமானமே அதைப் பதிவு பண்ணும், இன்ஜினியர் வந்து பார்க்காமல் அடுத்த பயணம் கிளம்பாது. அன்று உங்கள் விமானம் அடுத்த ஊருக்கு நேரத்துக்குக் கிளம்பிப் போயிருந்தால் கவலையை விடுங்கள்.

"புதுப் பையன்" விஷயமும் பாக்கி. மோசமான வானிலையில், பழகட்டும் என்று ஃபர்ஸ்ட் ஆஃபீசருக்கு லேண்டிங் கொடுக்க விமானத் துறையைக் கண்காணிக்கும் டிஜிசிஏயின் மழைக்கால விதிகள் இடம் தருவதில்லை. அன்றைக்கு இறக்கியவர் அநேகமாக நரைத்த தலைதான்.

தானியங்கிக்கே விட்டுவிடலாமே என்று அடுத்த கேள்வி வரும். விடலாம், டில்லியில் ஜனவரி மூடுபனியில் 75 மீட்டர் பார்வைத் தூரத்திலும் அதுதான் இறக்குகிறது. பனி இருக்கும் நாளில் காற்று பொதுவாக அடங்கிக் கிடக்கும் என்பது இதில் சௌகரியம். பக்கக்காற்று 20 நாட்டைத் தாண்டினால் ஏ320-இன் தானியங்கி லேண்டிங்குக்கு அனுமதி இல்லை, கையால் 33 வரை சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். ஜூலையில் தென்மேற்கிலிருந்து வீசும் காற்றுக்கு விமானம் மூக்கைச் சாய்த்து நண்டு மாதிரி வரும், தொடுகிற நொடியில் ரட்டர் (வால் சுக்கான்) மிதித்து நேராக்க வேண்டும். அதைச் செய்யும்போது கொஞ்சம் பக்கவாட்டில் உலுக்கும், அதுவும் சகஜம்.

உயரமான ஊர்களைப் பற்றி ஒரு வரி. பெங்களூரு விமான நிலையம் சுமார் 3,000 அடியில் இருக்கிறது, காற்று கொஞ்சம் லேசு. வேக மீட்டர் அதே 135 காட்டினாலும் தரைமேல் உண்மை வேகம் 143 பக்கம் போகும். லே 10,682 அடியில், அங்கே 160-ஐயும் தாண்டும். ஓட்டம் நீளமாக, பிரேக் அதிகமாக உணர்ந்தால் அதனால்தான்.

அடுத்த தடவை மும்பைக்கு வரும்போது இறக்கைக்குக் கொஞ்சம் பின்னால் ஜன்னல் சீட் கிடைத்தால் எடுங்கள். காட்கோபர் கூரைகள் தெரியும்போது இன்ஜின் சத்தம் ஏறி இறங்கி அல்லாடுகிறதா, ஒரே சீராக இருக்கிறதா என்று கேளுங்கள். ரன்வே தொடங்கிய பிறகு சக்கரம் படும் வரை எண்ணுங்கள், ஐந்தாறு, மிஞ்சினால் ஏழெட்டுக்குள் பட்டுவிட வேண்டும். பட்ட உடனே இறக்கை மேல் பலகைகள் ஒரே நேரத்தில் எழும்புவதைப் பாருங்கள். பத்து எண்ணிய பிறகும் பக்கத்து சீட்காரர் "ஆஹா, என்ன சுகமா மிதக்குது" என்றால், அந்த நேரத்தில் காக்பிட்டில் யாரும் ஆஹா சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள்.